தனிக்குடித்தனம் போன கட்சி: ஆல்பர்ட்டாவின் வைல்ட்ரோஸ், ஓர் எளிய அறிமுகம்

2014 டிசம்பர் 17 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேனியல் ஸ்மித், தன் கட்சி உறுப்பினர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஆளுங்கட்சியில் போய்ச் சேர்ந்தார். ஐந்து வருடமாக அதே ஆளுங்கட்சியைச் சட்டமன்றத்திலும் வெளியிலும் கிழித்துத் தோரணம் கட்டியவர் அவர். அவர் விட்டுப்போன கட்சியில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர். வைல்ட்ரோஸ் கதை முடிந்தது என்று பலரும் கணக்கை முடித்துவிட்டார்கள்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை, தேர்தல் வந்தது. 44 வருடம் ஆண்ட ஆளுங்கட்சிதான் தரைமட்டமானது. செத்துப்போனதாகச் சொன்ன வைல்ட்ரோஸ் 21 இடங்களோடு திரும்பவும் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. இரண்டு வருடம் கழித்து, எந்தக் கட்சியோடு சண்டை போட்டுப் பிறந்ததோ அதே கட்சியோடு சேர்ந்து தன்னைத் தானே கலைத்தும் கொண்டது.

2008இல் தொடங்கி 2017இல் முடிந்தது இந்தக் கட்சியின் ஆயுள். ஒரு முறைகூட ஆட்சிக்கு வரவில்லை. அப்படியிருக்க இதைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்? பிராந்தியக் கட்சி, வலது மையம், வாக்குப் பிரிவு, கட்சி இணைப்பு என்று அரசியல் பாடங்களில் தனித்தனியாக வரும் விஷயங்கள் எல்லாம் இந்த ஒரே கதைக்குள் கிடக்கின்றன என்பதுதான் காரணம். என் பார்வையில் வைல்ட்ரோஸ் ஒரு புதுக் கட்சியே அல்ல. பெரிய வீட்டில் மனஸ்தாபம் வந்து தனிக்குடித்தனம் போன ஒரு குடும்பம் அது. அப்படிப் பார்த்தால் அதன் பிறப்பும் புரியும், முடிவும் புரியும்.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். ஆல்பர்ட்டா கனடாவின் மேற்கில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் மாகாணம். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பரப்பு. மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பில் 36 லட்சம்தான். தலைநகர் எட்மண்டன், பெரிய நகரம் கால்கரி. தெற்கே மாட்டுப் பண்ணைகளும் கோதுமை வயல்களும், வடக்கே எண்ணெய் கலந்து கிடக்கும் மணலும். 1947இல் லெடுக் என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்ததிலிருந்து அந்த மாகாணத்தின் தலையெழுத்தே மாறிவிட்டது. அங்கே மாகாண விற்பனை வரி கிடையாது. 2001இலிருந்து 2015 வரை மாகாண வருமான வரியும் எல்லாருக்கும் ஒரே 10 சதவீதமாக இருந்தது. அரசாங்கத்தின் செலவுக்கு எண்ணெயும் எரிவாயுவும் கொட்டிக் கொடுத்தன. மண்ணுக்கடியில் இருக்கும் வளத்தின் பெரும்பகுதி மாகாண அரசுக்கே சொந்தம். அதை எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும். இந்த உரிமத்தொகை என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சண்டையும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆல்பர்ட்டாவின் அரசியலுக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. அடிக்கடி ஆட்சியை மாற்றமாட்டார்கள். மாற்றினால் பழைய கட்சியைத் திரும்ப எடுக்கவே மாட்டார்கள். 1905இல் மாகாணம் உருவானபோது லிபரல் கட்சி வந்தது. 1921இல் ஐக்கிய விவசாயிகள். 1935இல் சோஷியல் கிரெடிட். 1971இல் புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ், சுருக்கமாகப் பி.சி. இந்த நான்கு கட்சிகள்தான் 2015 வரை 110 வருடத்தை ஓட்டியிருக்கின்றன. விழுந்தது எதுவும் எழுந்ததில்லை. ஐக்கிய விவசாயிகள் கட்சி 1935இல் ஆட்சியை இழந்தபோது அதற்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை.

பி.சி. கட்சியின் பெயரையே பாருங்கள்: ‘முற்போக்குப் பழமைவாதி’. நம் காதுக்கு ‘சூடான ஐஸ்கிரீம்’ போல ஒலிக்கும். ஆனால் அந்தப் பெயர்தான் அதன் பலம். பணக்கார எண்ணெய் முதலாளி, தெற்கின் மாட்டுப் பண்ணைக்காரர், எட்மண்டனின் அரசு ஊழியர், கால்கரியின் ஆசிரியர் என எல்லாரும் ஒதுங்க இடமுள்ள பெரிய கூரை அது. இப்படிப்பட்ட கூரைக் கட்சிக்குள் எப்போதும் இரண்டு அணி இருக்கும். செலவைக் குறை, வரியைக் குறை, அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும் என்பது ஓர் அணி. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தாராளமாகச் செலவிடலாம், கொஞ்சம் நடுவாகப் போகலாம் என்பது இன்னோர் அணி. கஜானா நிறைந்திருக்கும்வரை இரண்டு அணியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன.

இந்த இடத்தில் ‘வலது மையம்’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வலதுசாரி என்றதும் மதம், தேசியம் என்றுதான் பேச்சு போகும். ஆல்பர்ட்டாவில் அந்தச் சொல்லின் நடு அர்த்தம் பணம் சார்ந்தது. அரசு எவ்வளவு வரி வாங்கலாம், எவ்வளவு செலவு செய்யலாம், தனிமனிதரின் நிலத்திலும் தொழிலிலும் எவ்வளவு தலையிடலாம் என்பவைதான் அங்கே கேள்விகள். இவற்றுக்கெல்லாம் ‘குறைவாக’ என்று பதில் சொல்பவர் வலதுசாரி. அப்படிச் சொன்னாலும், பொது மருத்துவமனையை மூடு, பொதுப் பள்ளியை விற்றுவிடு என்று போகாமல், அவற்றைச் சிக்கனமாக நடத்து என்று நிறுத்திக்கொள்பவர் வலது மையம். வைல்ட்ரோஸ் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நின்றது என்பதில் அதன் ஆயுள் முழுக்கச் சர்ச்சை இருந்தது. அதற்குள்ளேயே அந்தச் சர்ச்சை இருந்தது என்பதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் மாகாணக் கட்சி வேறு, மத்தியக் கட்சி வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்று மற்றொன்றின் கிளையாக இருக்க வேண்டியதில்லை. ஆல்பர்ட்டாவின் பி.சி. கட்சி, அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் கட்சியின் கிளை அல்ல. ஹார்ப்பருக்கு வாக்களித்துவிட்டு மாகாணத்தில் வைல்ட்ரோஸுக்கு வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். வைல்ட்ரோஸும் மாகாணத்துக்கு வெளியே எங்கும் நிற்கவில்லை. அதன் பெயரே மாகாணத்தின் மலர்தான். வழியோர வேலிகளில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் காட்டு ரோஜா.

சரி, சண்டைக்கு வருவோம். 2006இல் பி.சி. தலைவராகவும் முதல்வராகவும் வந்த எட் ஸ்டெல்மாக், எண்ணெய் நிறுவனங்கள் கட்டும் உரிமத்தொகை போதுமானதா என்று ஆராய ஒரு குழுவை வைத்தார். மக்களுக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை என்று 2007 செப்டம்பரில் அந்தக் குழு சொன்னது. அடுத்த மாதமே அரசு உரிமத்தொகையை உயர்த்தும் திட்டத்தை அறிவித்தது. வருடத்துக்குச் சுமார் 140 கோடி டாலர் கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டார்கள். கால்கரியின் எண்ணெய் அலுவலகங்களில் கொதிப்பு கிளம்பியது. இத்தனை வருடம் பி.சி.க்கு நன்கொடை கொடுத்தவர்கள் வேறு வாசலைத் தேட ஆரம்பித்தார்கள்.

வேறு வாசல் ஒன்று ஏற்கெனவே இருந்தது, ஆனால் மிகச் சின்னது. ஆல்பர்ட்டா அலையன்ஸ் என்ற சிறு கட்சி 2004 தேர்தலில் தெற்கு மூலையில் ஒரே ஓர் இடம் பிடித்திருந்தது; ஜெயித்தவர் பால் ஹின்மன். இதுவும், வைல்ட்ரோஸ் என்ற பெயரில் 2007இல் பதிவான இன்னொரு குட்டிக் கட்சியும் 2008 ஜனவரியில் சேர்ந்து வைல்ட்ரோஸ் அலையன்ஸ் ஆனது. சேர்ந்த கையோடு மார்ச்சில் தேர்தல். மூச்சுவிட நேரமில்லை. 6.8 சதவீத வாக்கு, இடம் பூஜ்யம், ஹின்மனும் தோற்றார். பி.சி. 83இல் 72 இடங்களை அள்ளியது. இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அந்த வருடக் கடைசியில் எண்ணெய் விலை சரிந்தது. மாகாண பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. கடனெல்லாம் அடைத்துவிட்டோம் என்று மார்தட்டிய மாகாணத்தில் இது சாதாரண விஷயமல்ல. இன்னொரு பக்கம் 2009இல் கொண்டுவந்த சில சட்டங்கள் கிராமத்து நில உடைமையாளர்களைக் கிளப்பிவிட்டன. பெரிய திட்டங்களுக்கு நிலம் ஒதுக்குவது, பிராந்திய வாரியாக நிலப் பயன்பாட்டைத் தீர்மானிப்பது, பெரிய மின்தடங்கள் தேவையா என்ற பொது விசாரணையைத் தவிர்த்துவிட்டு அமைச்சரவையே ஒப்புதல் கொடுப்பது என எல்லாம் ஒரே வருடத்தில் வந்தன. உரிமத்தொகை விஷயம் கால்கரியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குத்தான் வலித்தது. நிலச் சட்டமோ பண்ணை வீட்டு வாசல்வரை வந்தது. ‘என் நிலத்தில் எவன் கம்பம் நடுவது என்று எட்மண்டன் முடிவு செய்வதா?’ என்ற கோபத்தைத்தான் வைல்ட்ரோஸ் அறுவடை செய்தது. எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த கட்சி என்று அதை ஒரே வரியில் ஒதுக்குபவர்கள் இந்தக் கிராமத்துக் கோபத்தை மறந்துவிடுகிறார்கள்.

2009 செப்டம்பரில் கால்கரி-கிளென்மோர் இடைத்தேர்தலில் ஹின்மன் ஜெயித்தார். அடுத்த மாதம் டேனியல் ஸ்மித் கட்சித் தலைவரானார். வயது 38. பத்திரிகையில் எழுதியவர், தொலைக்காட்சியில் பேசியவர், சிறு தொழில் முனைவோர் சங்கத்தின் மாகாணப் பொறுப்பாளராக இருந்தவர். சிரித்த முகத்தோடு, கணக்கு விவரங்களை வைத்துக்கொண்டு வாதாடுவார். மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்கும் கட்சி என்ற தோற்றம் சில மாதங்களில் மாறிவிட்டது. 2010 ஜனவரியில் ராப் ஆண்டர்சன், ஹெதர் ஃபோர்சித் என்ற இரண்டு பி.சி. உறுப்பினர்கள் கட்சி மாறி வைல்ட்ரோஸுக்கு வந்தார்கள். இந்த இரண்டு பேரையும் கவனித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள். மார்ச்சில் அரசே உரிமத்தொகையின் உச்ச விகிதங்களைக் குறைத்தது. கையில் மூன்றே உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 70 பேரை வைத்திருந்த ஆளுங்கட்சியைப் பின்வாங்க வைத்ததில் வைல்ட்ரோஸின் வளர்ச்சிக்கும் பங்கு இருந்தது. தனிக்குடித்தனம் போனவர்களின் செல்வாக்கு எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. பெரிய வீட்டில் இருந்தபோது காதில் விழாத பேச்சு, வெளியே வந்ததும் விழுகிறது.

2011 ஜனவரியில் ஸ்டெல்மாக் பதவி விலகுவதாக அறிவித்தார். பி.சி. கட்சி அடுத்து யாரைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? தன் வலது பக்கத்தைச் சமாதானப்படுத்தும் ஒருவரை அல்ல. கட்சியின் நடுப்பக்கத்திலிருந்து வந்த வழக்கறிஞர் அலிசன் ரெட்ஃபோர்டை. மனித உரிமைப் பணிகளில் அனுபவம் உள்ளவர், ஆசிரியர்களும் செவிலியர்களும் விரும்பியவர். வைல்ட்ரோஸுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இருக்க முடியாது. இப்போது கோடு தெளிவாக விழுந்துவிட்டது: பி.சி. மையத்துக்கு நகர்ந்துவிட்டது, வலது பக்கம் எங்களுடையது.

2012 ஏப்ரல் 23 தேர்தல்தான் இந்தக் கட்சியின் உச்சம், அதே சமயம் அதன் முதுகில் விழுந்த அடியும். பிரச்சாரத்தின் பெரும்பகுதியில் கருத்துக்கணிப்புகள் வைல்ட்ரோஸ் ஆட்சியைப் பிடிக்கும் என்றே காட்டின. பட்ஜெட்டில் உபரி வந்தால் அதில் ஒரு பங்கை ஆளுக்கு 300 டாலராகத் திருப்பிக் கொடுப்போம் என்று ஸ்மித் வாக்குறுதி கொடுத்தார். இலவசம் கொடுப்பது நம் ஊருக்கே உரியது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ‘உங்கள் வரியை உங்களுக்கே தருகிறோம்’ என்று சொன்னால் அது வலது மையத்தின் இலவசம்.

கடைசி வாரத்தில் எல்லாம் கலைந்தது. எட்மண்டனில் நின்ற வைல்ட்ரோஸ் வேட்பாளர் ஒரு பாதிரியார். தன்பாலீர்ப்பாளர்கள் திருந்தாவிட்டால் நெருப்பு ஏரியில் வேதனைப்படுவார்கள் என்ற பொருளில் அவர் முந்தைய வருடம் எழுதியிருந்தது வெளியே வந்தது. கால்கரியில் நின்ற இன்னொரு வேட்பாளர், வெள்ளையராக இருப்பது தனக்கு அனுகூலம் என்று பேசிவைத்தார். ஸ்மித் இரண்டு பேரையும் நீக்க மறுத்தார். அது அவரவர் கருத்து, கட்சியின் கொள்கை அல்ல என்றார். பருவநிலை மாற்றத்தின் அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்றும் சொல்லிவைத்தார்.

இது வெறும் வாய்த்தவறு இல்லை. கட்சியின் உள்கட்டமைப்பே அப்படி. ஒரு பக்கம், யார் எப்படி வாழ்ந்தால் எனக்கென்ன, அரசாங்கம் என் பணத்தையும் நிலத்தையும் தொடாமல் இருந்தால் போதும் என்ற சுதந்திரவாதிகள்; ஸ்மித் அந்த ரகம். இன்னொரு பக்கம், மத நம்பிக்கையில் ஊறிய சமூகப் பழமைவாதிகள். கிராமங்களில் நாற்காலி போட்டுக் கூட்டம் சேர்த்தவர்களில் நிறையப் பேர் இந்த ரகம். சிக்கன அரசு என்பதில் இருவருக்கும் ஒற்றுமை, மற்றதெல்லாம் வேற்றுமை. வேட்பாளரை நீக்கினால் ஒரு பக்கம் உடையும். நீக்காவிட்டால் நகரத்து வாக்காளர் பயப்படுவார். ஸ்மித் இரண்டாவது ஆபத்தை ஏற்றார்.

நகரத்து வாக்காளர் பயப்படத்தான் செய்தார். வழக்கமாக லிபரலுக்குப் போட்டவர்கள்கூட வைல்ட்ரோஸைத் தடுப்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு பி.சி.க்குப் போட்டார்கள். பி.சி. 44 சதவீத வாக்கோடு 61 இடம், வைல்ட்ரோஸ் 34 சதவீதத்தோடு 17 இடம். தெற்குக் கிராமப்புறம் கிட்டத்தட்ட முழுக்க வைல்ட்ரோஸ். கால்கரியில் இரண்டே இடம், எட்மண்டனில் ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒருவர் வாக்களித்தும் ஐந்தில் ஓர் இடம்தான் கிடைத்தது. தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம் என்ற முறையில் இரண்டாவதாக வரும் கட்சி கொடுக்கும் விலை இது. முறை நமக்கும் பழகியதுதான்.

இனி 2014. ரெட்ஃபோர்ட் அரசு தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது. நெல்சன் மண்டேலாவின் இறுதிச் சடங்குக்கு அவர் போய்வந்த செலவு சுமார் 45,000 டாலர் என்று தெரியவந்தது. அதைத் திருப்பிக் கட்டியும் எதிர்ப்பு அடங்கவில்லை. மார்ச்சில் விலகினார். வைல்ட்ரோஸுக்கு இது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் செப்டம்பரில் பி.சி.க்கு ஜிம் பிரென்டிஸ் வந்தார். ஹார்ப்பர் அமைச்சரவையில் இருந்தவர், வங்கியில் உயர் பதவி வகித்தவர், வலது பக்கத்துக்கும் பிடித்தவர். அக்டோபரில் நான்கு இடைத்தேர்தல்; நான்கிலும் பி.சி. ஜெயித்தது. நவம்பரில் வைல்ட்ரோஸின் வருடாந்தரக் கூட்டத்தில், பாலியல் அடையாளம் உள்ளிட்ட எல்லா வேறுபாடுகளையும் பெயர் சொல்லிச் சம உரிமை தரும் தீர்மானத்தை உறுப்பினர்கள் ஏற்க மறுத்தார்கள். நெருப்பு ஏரியைத் தாண்டிக் கட்சியை நடுவுக்கு நகர்த்த ஸ்மித் இரண்டு வருடம் எடுத்த முயற்சி அன்றோடு நின்றது.

ஸ்மித்தின் பக்கம் நின்று யோசித்தால் கணக்கு புரிகிறது. பெரிய வீட்டில் இப்போது நமக்குப் பிடித்த பெரியவர் வந்துவிட்டார். நம் வீட்டிலோ பேச்சைக் கேட்க ஆளில்லை. பிறகு எதற்குத் தனி அடுப்பு? நவம்பரில் ஒருவர் கட்சியை விட்டுச் சுயேச்சையானார், இரண்டு பேர் முன்னால் பி.சி.க்குப் போனார்கள். டிசம்பரில் ஸ்மித்தும் எட்டுப் பேரும். 2010இல் பி.சி.யிலிருந்து வந்தார்கள் என்று சொன்னேனே, அந்த இருவரில் ஆண்டர்சன் வந்த வழியே திரும்பிப் போனார். ஃபோர்சித் போகவில்லை, மிச்சமிருந்த ஐவரில் ஒருவராக நின்று இடைக்காலத் தலைவரானார். கனடிய வலதுசாரிகளின் மூத்த தலைவர் பிரெஸ்டன் மானிங், ஒன்று சேருங்கள் என்று அந்த உறுப்பினர்களிடம் போய்ப் பேசியிருந்தார்; மக்களின் கோபத்தைப் பார்த்தபின் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்கத் தோன்றும். ஆல்பர்ட்டாவில் கொடுத்தது. நம் நாட்டில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போல அங்கே தடை இருக்கவில்லை. இங்கே என்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து இணைந்தால்தான் பதவி தப்பும். அன்று வைல்ட்ரோஸிடம் இருந்தவர்கள் 14 பேர், போனவர்கள் 9 பேர். நம் சட்டப்படி பத்துப் பேர் வேண்டும். ஒரே ஓர் ஆள் குறைவதால் ஒன்பது பேருடைய பதவியும் கேள்விக்குள்ளாகியிருக்கும். ஆல்பர்ட்டாவில் தீர்ப்பைச் சட்டம் சொல்லவில்லை, வாக்காளர் சொன்னார். 2015 மார்ச்சில், தன் சொந்தத் தொகுதியான ஹைவுட்டில் பி.சி. வேட்பாளராகும் உட்கட்சிப் போட்டியிலேயே ஸ்மித் தோற்றார். நவம்பரிலும் டிசம்பரிலும் தாவிய பதினொரு பேரில் ஒருவர்கூட அந்த வருடத் தேர்தலில் மறுபடி சட்டமன்றத்துக்கு வரவில்லை. சிலர் நிற்கவே இல்லை, சிலருக்குச் சீட்டு கிடைக்கவில்லை, மீதிப் பேர் தோற்றார்கள்.

எதிர்க்கட்சியே இல்லை என்ற தைரியத்தில் பிரென்டிஸ் ஒரு வருடம் முன்கூட்டியே தேர்தலை அறிவித்தார். எண்ணெய் விலை அப்போது பாதிக்கும் கீழே போயிருந்தது. நிதி நெருக்கடிக்குக் காரணம் தேடுகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று வானொலியில் மக்களைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். தனிநபர் மீது வரியும் கட்டணமும் ஏற்றினார், நிறுவன வரியைத் தொடவில்லை. ஐந்து பேரோடு தள்ளாடிய வைல்ட்ரோஸுக்கு மார்ச் 28 அன்று பிரையன் ஜீன் தலைவரானார். ஃபோர்ட் மெக்மரியைச் சேர்ந்தவர், முன்னாள் எம்.பி. தேர்தலுக்கு ஆறு வாரம்கூட இல்லை. அவர் ஒரே பல்லவியைத்தான் பாடினார்: வரியை ஏற்றமாட்டோம்.

மே 5 முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இடதுசாரிப் பக்கமுள்ள புதிய ஜனநாயகக் கட்சி, ரேச்சல் நாட்லி தலைமையில் 40.6 சதவீத வாக்கோடு 87இல் 54 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது. பி.சி. 27.8 சதவீதம், 10 இடம்; அன்றிரவே பிரென்டிஸ் தன் இடத்தையும் துறந்ததால் 9. வைல்ட்ரோஸ் 24.2 சதவீதம், 21 இடம். பி.சி.யைவிடக் குறைந்த வாக்கில் இரண்டு மடங்குக்கு மேல் இடம்! வைல்ட்ரோஸின் வாக்குகள் கிராமத் தொகுதிகளில் குவிந்திருந்தன, பி.சி.யின் வாக்குகள் எல்லா இடத்திலும் தூவியதுபோல் பரவிக் கிடந்தன. எவ்வளவு வாங்கினோம் என்பதோடு எங்கே வாங்கினோம் என்பதும் சேர்ந்துதான் இடமாகிறது.

இரண்டு வலதுகளையும் கூட்டினால் 52 சதவீதம். பாதிக்கு மேல் மக்கள் வலது பக்கம் போட்டும் ஆட்சி இடது பக்கம் போனது. வாக்குப் பிரிவு என்பது இதுதான். வைல்ட்ரோஸ் முதலில் ஜெயித்த அந்தக் கால்கரி-கிளென்மோர் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சியும் பி.சி.யும் முதல் எண்ணிக்கையில் சமமாக நின்றன. மறு எண்ணிக்கையில் புதிய ஜனநாயகக் கட்சி 6 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. வைல்ட்ரோஸ் வேட்பாளர் அங்கே வாங்கிய ஆயிரக்கணக்கான வாக்குகளில் ஏழு பேர் மனம் மாறியிருந்தால் முடிவு வேறு. ஆனால் ஓர் எச்சரிக்கை: வைல்ட்ரோஸ் இல்லாமல் இருந்தால் அந்த வாக்கெல்லாம் அப்படியே பி.சி.க்குப் போயிருக்கும் என்று கூட்டல் கணக்குப் போடக் கூடாது. பி.சி. மீதான கோபத்தில் வந்த வாக்குகள் அவை. வீட்டிலேயே தங்கியிருக்கவும் கூடும்.

இருந்தாலும் அந்த 52 என்ற எண்ணை அரசியல்வாதிகள் யாரும் மறக்கவில்லை. ஹார்ப்பரின் அமைச்சராக இருந்த ஜேசன் கென்னி, நீல நிறப் பிக்கப் வண்டியில் மாகாணம் முழுக்கச் சுற்றி, பி.சி. தலைவரானால் கட்சியை வைல்ட்ரோஸோடு இணைப்பேன் என்று சொல்லியே 2017 மார்ச்சில் பி.சி. தலைவரானார். ஆரம்பத்தில் தயங்கிய ஜீனும் மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூலை 22 அன்று இரண்டு கட்சி உறுப்பினர்களும் தனித்தனியாக வாக்களித்தார்கள். பி.சி.யில் பாதிக்கு மேல் சம்மதித்தால் போதும். வைல்ட்ரோஸிலோ 75 சதவீதம் வேண்டும் என்பது விதி. இரண்டிலும் 95 சதவீதம் சரி என்றது. ஐக்கிய கன்சர்வேட்டிவ் கட்சி பிறந்தது. வைல்ட்ரோஸ் என்ற பெயர் அதன்பின் காகிதத்தில் மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. அக்டோபரில் நடந்த தலைமைப் போட்டியில் கென்னி 61 சதவீதம், ஜீன் 31 சதவீதம். 2019 தேர்தலில் புதுக் கட்சி 63 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது.

வைல்ட்ரோஸை பி.சி. விழுங்கிவிட்டது என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளில் கென்னி மீது கட்சியின் கிராமப்புற அணி கொதித்தது. எங்கே வைல்ட்ரோஸ் வலுவாக இருந்ததோ, பெரும்பாலும் அங்கே. 2022 மே மாதத்தில் தலைமைக்கு ஆதரவு கேட்டு நடத்திய வாக்கெடுப்பில் அவருக்கு 51.4 சதவீதம்தான் கிடைத்தது; விலகுவதாக அறிவித்தார். அக்டோபர் 6 அன்று கட்சி புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயர் டேனியல் ஸ்மித்.

2015இல் தன் தொகுதியிலேயே சீட்டு கிடைக்காமல் வானொலி நிகழ்ச்சி நடத்தப் போனவர், ஏழு வருடம் கழித்து முதல்வராக வந்து உட்கார்ந்தார். 2014இல் அவரோடு தாவிய ராப் ஆண்டர்சன் முதல்வர் அலுவலகத்தில் முக்கியப் பொறுப்புக்கு வந்தார். 2023 மே தேர்தலில் ஸ்மித் தலைமையில் கட்சி 49 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. அதற்கடுத்த மாதம் அமைத்த அமைச்சரவையில், அன்று அவர் நட்டாற்றில் விட்டுப்போன வைல்ட்ரோஸைத் தூக்கி நிறுத்திய பிரையன் ஜீனுக்கும் இடம் கொடுத்தார். கொடுத்த துறை எரிசக்தி, கனிம வளம். உரிமத்தொகைக் கணக்கைப் பார்க்கும் துறை.